முதல் ரவுண்டில் முடிந்த சண்டைகள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. நான்கு என் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு, நாத்தனார் இறந்தபோது இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நான் தூக்கி வந்தவை. ஏழாவது என் கடைசி மகனின் மகள். அவனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பேத்தி மூன்று வயதிலிருந்து என்னிடம்தான் இருக்கிறாள். ஏழு பேரில் ஒருவரையும் நான் பசியோடு படுக்க விட்டதில்லை. இதை எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒருவரைத் தாகத்தோடு விட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மீதி எழுத்துகளை பஸ்ஸுப் பலகையிலும் கடைப் பலகையிலும் நானாகப் பார்த்துப் படித்துக்கொண்டேன். அதனால் பிழைகள் இருக்கும். ஒரு பக்கம் எழுத எனக்கு அரைப் பகல் ஆகிறது. மூன்று நாளாகச் சமையல் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. வாயால் சொன்னால் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் வாய்க்கு ஐம்பது வருடமாக ஒரு பழக்கம் இருக்கிறது. பாதியில் அது என் அண்ணனை ஜெயிக்க வைத்துவிடும். பென்சிலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நாளை புதன்கிழமை மத்தியானம் என் பேத்தி சூளைக்குள் போய் உட்காரப்போகிறாள். அதற்குள் அவள் இதைப் படித்தாக வேண்டும்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். செராமிக் பேட்டையில் ஒரு பட்டறையில் இருவரும் வேலை செய்தோம். அவர் சூளையில் சாமான் அடுக்குவார். எனக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சுட்டு வந்த ஜாடியையும் கோப்பையையும் ஒவ்வொன்றாக இடது கையில் தூக்கி, வலது கையிலிருக்கும் சிறு கட்டையால் ஒரு தட்டு. நன்றாக இருந்தால் கணீர் என்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக். முப்பத்தெட்டு வருடம் தட்டினேன். நான் நல்லது என்று ஒதுக்கிய சாமான் ஒன்றுகூட திரும்பி வந்ததில்லை.

அண்ணனுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர் ஜங்ஷன் ரயில்வே காலனியில் இருந்த ஓர் இஞ்சின் டிரைவர். எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர். குடும்பம் கிடையாது. அவருடைய சொத்தெல்லாம் ஒரு தடித்த நோட்டு. இங்கிலீஷ் பேப்பரில் வந்த சாம்பியன்களின் படங்களைக் கத்தரித்து அதில் ஒட்டி வைத்திருந்தார். எல்லாரும் ஒரே எடைக்காரர்கள். மிடில் வெயிட்.

"ஹெவி வெயிட்டு யானைங்க. ஃபிளை வெயிட்டு ஈ, கொசு. மனுசன்னா மிடில் வெயிட்டுதான்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவார். கொல்லையில் நான்கு கழி நட்டுக் கயிறு கட்டியிருந்தோம். டிரைவர் நோட்டைப் புரட்டி, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாம்பியனையும் அப்போதைய சாம்பியன் ஒருவரையும் எடுத்து மோதவிடுவார். மோதுவது அண்ணன்தான், இரண்டு பேராகவும். இந்த மூலையிலிருந்து வரும்போது தங்கப்பல்காரர்; கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மாடு மாதிரி முட்டி வருவார். அந்த மூலைக்கு ஓடித் திரும்பினால் ஆட்டக்கால்காரர். தரையில் பாதம் பட்டதா இல்லையா என்று தெரியாது. பெயர்கள் என் வாயில் அன்றும் நுழையவில்லை, இன்றும் நுழையவில்லை. நான் வைத்த பெயர்கள் இவை. எனக்கு மணியடிக்கிற வேலை. நன்றாகச் சுட்ட ஒரு ஜாடி மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டுவேன். தெருக்கோடி வரை கேட்கும்.

அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். "ஆளே இல்லாத சண்டைக்கு மணி வேற! பக்கத்து வூட்டுக்காரங்க பூசைன்னு நெனச்சித் தட்டெடுத்துக்கினு வரப்போறாங்க!"

ஒரு தடவை நான் டிரைவரைக் கேட்டேன். "அண்ணே, இவரு செத்து இருவது வருசம் ஆச்சுங்கிறீங்க. அவரு இப்பதான் ஆடிக்கினு இருக்காரு. ரெண்டு பேரையும் எப்படி மோதவுடறது?"

அவர் சிரிக்கவில்லை. "காலம் வேற வேறயா இருக்கலாம் பாப்பா. எடை வேறயா இருக்கக் கூடாது. எடை ஒண்ணா இருந்தா செத்தவனும் இருக்கறவனும் தாராளமா மோதலாம்" என்றார்.

அப்போது அதை நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அண்ணன் ஜில்லா சாம்பியன் ஆனார். கழுத்தில் மாலையோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தபோது நான் பக்கத்தில் நடந்தேன். என் தலைக்கனம் அன்று ஏறியது. இன்னும் இறங்கவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அடுத்தது மெட்ராஸில் மாநிலச் சண்டை. அதற்குப் புறப்பட வேண்டிய நாளில் அண்ணன் இறந்துபோனார். இருபத்து மூன்று வயது. எப்படி இறந்தார் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அந்த இடத்துக்கு இன்னும் என் கை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல், மெட்ராஸ் ரயிலில் வந்திறங்கி வீட்டை விசாரித்துக்கொண்டு ஓர் ஆள் வந்தார். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அண்ணனோடு மோத வேண்டியவர் அவர்தான். அண்ணன் வராததால் அவரையே சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தலையை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை மேலும் கீழும் போய் வந்தது. நான் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குத் தூக்கமே வர்ல தங்கச்சி" என்றார். "மோதாமயே சாம்பியன்னு பேப்பர்ல போட்டுட்டாங்க. நீ அவரு சண்டைய நெறய பாத்திருப்ப. சொல்லு. அவரு வந்திருந்தா என்னா ஆயிருக்கும்?"

அவருக்கு வேண்டியது உண்மை. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். நான் பதினெட்டு வயசுப் பெண். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"மொத ரவுண்டுலயே வுழுந்திருப்பீங்க."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்று சொல்லி எழுந்து போனார். அவர் சண்டையை விட்டுவிட்டார் என்று பிறகு டிரைவர் சொன்னார். அதுதான் நான் அண்ணனுக்காக நடத்திய முதல் சண்டை.

அதற்குப் பிறகு எத்தனையோ நடத்திவிட்டேன். தங்கப்பல்காரரோடு, ஆட்டக்கால்காரரோடு, அதன்பின் வந்த ஒவ்வொரு காலத்துச் சாம்பியனோடும். டிரைவர் மாற்றலாகிப் போகும்போது நோட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சண்டை சொல்லித்தான் ஊட்டினேன். "மாமன் வராரு, எடது கையக் காட்றாரு, வலது கையில வுடறாரு, ஆளு காலி." ஒரு வாய்க்கு ஒரு சாம்பியன்.

என் பிள்ளைகள் யாரும் குத்துச்சண்டைப் பக்கம் போகவில்லை. பேத்தி போனாள். பத்தாம் வகுப்பிலேயே என்னைவிட ஒரு முழம் உயரம். காலையில் கடலூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வருவாள். எழுபத்தைந்து கிலோ, மிடில் வெயிட். அந்த எடையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெருமையால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போனில் பழைய சண்டைகளெல்லாம் வருகின்றன. தங்கப்பல்காரர் அசைந்து நான் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. பேத்தி போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைப்பாள், இருவரும் பார்ப்போம். பார்த்து முடித்ததும் எங்களுக்குள் சண்டை தொடங்கும்.

"ஆயா, ஒங்க காலத்து ஆளுங்க இப்ப வந்தா ஒரு மேட்ச்சு தாங்க மாட்டாங்க. இப்பல்லாம் சயின்ஸு."

"சயின்ஸு வந்து மூஞ்சில குத்து வாங்குமாடி? அந்தக் காலத்துல பதினஞ்சு ரவுண்டு ஆடுனாங்க. நீ மூணு ரவுண்டுக்கே நாக்கத் தள்ளிக்கினு வர."

"பதினஞ்சு ரவுண்டும் கட்டிப் புடிச்சிக்கினு இல்ல நின்னாங்க! கல்யாண வூட்ல சொந்தக்காரங்க மாதிரி."

"வாயி! மாமன் தாத்தா கையில மாட்டியிருக்கணும் நீ."

"சரி, வுடு. மாமன் தாத்தாவும் நானும் மோதுனா? ரெண்டு பேரும் ஒரே எடைதானே? சொல்லு, யாரு ஜெயிப்பா?"

"இதுல என்னாடி சந்தேகம்? ஒங்க மாமன் தாத்தாதான். மொத ரவுண்டுலயே."

எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான் சொல்வேன். அவளும் சிரிப்பாள். ஆனால் போன மாதம் ஒரு நாள் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆயா, ஒன்னு கேக்கறேன். நீ சொன்ன சண்டையில ஒன்னுலகூட மாமன் தாத்தா ரெண்டாவது ரவுண்டு ஆடுனதே இல்ல. ஏன்?"

"தெறமடி. அதுக்குள்ள முடிச்சிடுவாரு."

"அவ்ளோ பெரிய சாம்பியனுங்க, எல்லாருமா மொத ரவுண்டுல வுழுவாங்க?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஐம்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

காரணத்தை இங்கே எழுதுகிறேன். முதல் ரவுண்டு முடிந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் இருவரும் அவரவர் மூலைக்குப் போய் உட்கார வேண்டும். எதிர் மூலையில் தங்கப்பல்காரருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பான். பாட்டிலை எடுத்து அவர் வாயில் ஊற்றுவான். இந்த மூலையில் என் அண்ணன் வந்து உட்காருவார். பக்கத்தில் நான் நிற்பேன், இடுப்பில் பானையோடு. அவர் திரும்பி என்னைப் பார்ப்பார்.

அதனால்தான் நான் மணியடிக்கவே இல்லை. அவர் திரும்பிப் பார்க்கும் முன்னே எல்லாச் சாம்பியன்களையும் விழ வைத்தேன்.

சனிக்கிழமை பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வியாழன் காலை மாநிலத் தேர்வுக்கு எடை பார்க்கிறார்கள். இரண்டு கிலோ கூடுதலாக இருக்கிறது. அவளுடைய மாஸ்டர், இந்தத் தடவை மேல் எடையில் ஆடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறார். இவள் கேட்கவில்லை.

"மேல போ மாட்டேன் ஆயா. மாமன் தாத்தா எடையிலதான் ஆடுவேன். மாமன் தாத்தா ஒரே பகல்ல ரெண்டரை கிலோ எறக்குனாருன்னு நீதானே சொன்ன? ஆறுற சூளையில ஒக்காந்து?"

நான்தான் சொன்னேன். நூறு தடவை சொல்லியிருப்பேன். சாக்கையும் கம்பளியையும் சுற்றிக்கொண்டு சூளைக்குள் ஒரு பகல் உட்கார்ந்தார், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார், தராசில் ஏறினார், எடை சரி, நிம்மதியாகப் படுத்தார், தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது, தோற்காத மனுஷன். இதுதான் நான் சொல்லும் கதை.

"என் ஃபிரெண்டோட அப்பா பட்டறையில புதன்கெழம சூளை தொறக்கறாங்க" என்றாள். "அவகிட்ட சொல்லிட்டேன். நீ வந்து பக்கத்துல ஒக்காந்துக்க. நான் தண்ணி கேட்டாலும் குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கேட்டது அவள் குரல் அல்ல.

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். "மாமன் தாத்தா சூளையிலேருந்து வெளிய வந்தாரா..." என்று ஆரம்பித்ததும், அடுத்த வார்த்தை தானாக வந்தது: "சிரிச்சிக்கினே வந்தாரு." என் வாயே எனக்கு அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இனி எழுதுவதுதான் நடந்தது.

மெட்ராஸுக்குச் சாயங்கால ரயில். மறுநாள் காலை எடை பார்ப்பார்கள். களிமண் மூட்டை போடுகிற தராசில் ஏறிப் பார்த்தால் அண்ணன் இரண்டரை கிலோ கூடுதல். சூளையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், ஆறுகிற சூளைக்குள் ஒரு நடை போய் வந்தாலே வேட்டியைப் பிழியலாம். வாசலை அடைத்திருந்த செங்கல்லைப் பிரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு நாள் ஆறினால்தான் உள்ளே போவார்கள். அண்ணன் அன்றே போனார். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம், மற்றவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். டிரைவருக்கு வண்டி ஓட்டுகிற நாள். அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். நானும் அண்ணனும் மட்டும்.

தண்ணீர்ப் பானையை என் மடியில் வைத்துவிட்டு அண்ணன் சொன்னார். "பாப்பா, நீதான் காவல். நான் கேட்டாலும் குடுக்காத. கெஞ்சினாலும் குடுக்காத."

"நீ கேளு பாக்கலாம், ஒரு சொட்டு குடுத்தா நான் ஒந் தங்கச்சி இல்ல" என்றேன்.

முதல் தடவை கேட்டபோது அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "பாப்பா, வாய நனைக்க ஒரு சொட்டு." நானும் சிரித்தேன். பக்கத்தில் கிடந்த ஒரு ஜாடி மூடியை எடுத்துத் தட்டி, "மொத ரவுண்டு முடிஞ்சிது" என்றேன்.

இரண்டாம் தடவை சிரிப்பு இல்லை. "குடுடி" என்றார். அண்ணன் என்னை 'டி' போட்டுப் பேசியதே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. "சாம்பியனாம் சாம்பியன். ஒரு சொம்பு தண்ணிக்குக் கையேந்திக்கினு நிக்குது" என்றேன். அவரைத் தைரியப்படுத்தச் சொன்னதாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. மெட்ராஸிலிருந்து மாலையோடு வருகிறவரின் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டரை கிலோ அதற்குக் குறுக்கே நின்றது.

மூன்றாம் தடவை அவர் சூளை வாசலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "தாயி" என்றார். அவ்வளவுதான். தண்ணீர் என்றுகூடச் சொல்லவில்லை. பானையைப் பார்த்தார். நான் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புங்கமரத்துக்கு அந்தப் பக்கம், அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்தார். சிரிக்கவில்லை. நடை தள்ளாடியது. கையைப் பிடித்தேன், அனலாகக் கொதித்தது. ஆனால் வேர்வை இல்லை, தோல் காய்ந்து மாவு தடவினது போல இருந்தது. வேர்வை நின்றுவிட்டது, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த தப்பு. அது போகிற உயிரின் அடையாளம் என்று பல வருடம் கழித்து ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தராசில் ஏற்றினேன். எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே. "அண்ணே, எறங்கிடுச்சி அண்ணே!" என்று கைதட்டினேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. தராசுப் பலகையிலேயே உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

புங்கமரத்துக்கு ஓடிப் பானையைத் தூக்கி வந்தேன். ஐம்பதடி இருக்கும். என் வாழ்க்கையில் அத்தனை நீளமான தூரத்தை நான் கடந்ததில்லை. வாயில் ஊற்றினேன். உள்ளே போகவில்லை. கன்னத்தில் வழிந்து களிமண் தூளில் ஓடியது. கன்னத்தைத் தட்டினேன். தலையைத் தட்டினேன். நான் தட்டிப் பார்க்கிறவள். அந்தச் சத்தத்தை இங்கே எழுத மாட்டேன்.

என் கூச்சல் கேட்டு அம்மா ஓடி வந்து அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு என்னை ஒரே கேள்வி கேட்டாள். "தண்ணி குடுத்தியாடி?"

"குடுத்தேம்மா" என்றேன்.

காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள், ஆளில்லாமல் கிடந்த சூளையில் எதுவோ இருந்தது என்றார்கள். நான் மறுக்கவில்லை. அம்மா சாகும் வரை என் வலது கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், "எம் புள்ளைக்குக் கடைசித் தண்ணி குடுத்த கை இது." அதனால் எங்கள் தெருவில் யாருக்காவது கடைசி மூச்சு இழுத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ராசியான கை, நிம்மதியாகப் போவார்கள் என்று. நானும் போவேன். பாலோ தண்ணீரோ கரண்டியில் ஊற்றுவேன். எத்தனை பேருக்கு ஊற்றினேன் என்று நினைவில்லை. என் கையிலிருந்து குடித்த ஒவ்வொரு வாயும் அந்த ஒரு வாயாக இருக்காதா என்று பார்ப்பேன். இல்லை.

ஜன்னல் மேடையில் நான் தினமும் ஒரு கோப்பையில் தண்ணீர் வைப்பது எல்லோருக்கும் தெரியும். காக்காய்க்கு வைப்பதாக நினைக்கிறார்கள். காக்காயும் குடிக்கும். ஆனால் உச்சிப்பொழுதில், தெரு வெறிச்சென்று கிடக்கும்போது, கோப்பையின் விளிம்பில் ஒரு சத்தம் கேட்கும். நகத்தால் தட்டுகிற மாதிரி. போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தண்ணீர் அப்படியே இருக்கும். அதுதான் எனக்குப் பயம். குறைந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

நேற்று மத்தியானம் ஒரு சண்டை நடத்திப் பார்த்தேன். ஒரு மூலையில் அண்ணன், இருபத்து மூன்று வயசு. எதிர் மூலையில் என் பேத்தி, பத்தொன்பது. இருவரும் ஒரே எடை. டிரைவர் சொன்னது சரிதான், எடை ஒன்றாக இருந்தால் செத்தவரும் இருக்கிறவரும் மோதலாம். அவர் எத்தனை முறை வீசினாலும் அவள் விழவில்லை. நானும் விழ வைக்கவில்லை. முதல் ரவுண்டு முழுதாக முடிந்தது. கரண்டியை எடுத்து மூடியைத் தட்டினேன், ஐம்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு. அவள் தன் மூலைக்குப் போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்திலும் தண்ணீர் இல்லை. அவர் என் மூலைக்கு வந்து உட்கார்ந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, இதை நான் எதிர்பார்க்கவில்லை, அவளையும் பார்த்தார். அவள் உதடு வெடித்திருந்தது. என் இடுப்பில் பானை இருந்தது. என் கை எழவில்லை. இரண்டாவது ரவுண்டுக்கு இன்னும் மணியடிக்கவில்லை. அந்தச் சண்டை அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

கண்ணு, இன்று செவ்வாய்க்கிழமை, மணி ஐந்தாகப் போகிறது. இந்த நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருப்பாய். காலையிலிருந்து நீ ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சொம்பு நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நாளைக்கு நான் உன்னைக் கட்டிப்போட முடியாது. நீ என்னைவிடப் பலசாலி. மாஸ்டர் சொன்ன மேல் எடையில் ஆடி நீ தோற்று வந்தாலும் எனக்கு அது போதும் என்று இந்த வாய் சொல்லாது, அதன் திமிர் அப்படி. அதனால் எழுத்தில் சொல்கிறேன். போதும்.

பையை இறக்கி வை. அந்தச் சொம்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக வந்து உட்கார். உள்ளே இருக்கிற எனக்கும் கேட்க வேண்டும், வெளியே இருப்பவருக்கும் கேட்க வேண்டும். நான் எழுதின இந்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படி. எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காமல் படி. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எந்த இடத்திலாவது டொக்கென்று கேட்டால் அந்த இடத்தில் இன்னும் பொய் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அங்கே நிறுத்தச் சொல்லி மாற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாய் குடி. நான் பார்க்கிறேன். பிறகு படி.